புதுப்பித்த பின்னும் ஒரு நடுக்கம்

பழுதுபார்க்கப்பட்ட ஒன்று அன்றைக்கே குறையின்றி இயங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. புதிதாக ஓடு வேய்ந்த வீட்டில் முதல் மழைக்கே ஒரு சொட்டு ஒழுகினால், போட்ட பணமெல்லாம் வீண் என்கிறோம். பெரிய அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பியவர் பத்து நாளில் எழுந்து நடமாடவில்லை என்றால், மருத்துவரையே சந்தேகிக்கிறோம். தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றவர், பாஸ்கா விழா முடிந்த மறுவாரமே பழைய கோபத்தில் ஒரு சொல்லை உதிர்த்துவிட்டால், "இவராவது மாறுவதாவது!" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

பெரிய பழுது நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் சிறிய நடுக்கத்துக்குப் பொருள்தான் என்ன? புதுப்பித்தல் நிகழவே இல்லை என்பதா? அல்லது, போகப் போகச் சரியாகும் என்று கண்ணை மூடிக்கொள்வதா? குருமடத்தில் இறையியல் பாடமாக நாம் பயின்ற இக்கேள்விக்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரிப் பட்டறையில் கண்கண்ட விளக்கம் கிடைத்தது. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று விரியும் நிலப்பரப்பை அறிந்தவர்களுக்கு லாரியைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்கு 'பாடி' கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் 'ரிக்' வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து நாட்டின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. வானம் பார்த்த மேட்டுக்காட்டை விற்று வண்டி வாங்கிய குடும்பங்கள் இங்கே பல உண்டு. அவர்களுக்கு லாரிதான் காடு; லோடுதான் வெள்ளாமை. வண்டி ஒரு மாதம் நின்றால் ஒரு போகம் பொய்த்ததற்குச் சமம்.

அப்படிப்பட்ட ஊர் ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவருக்கு ஒரே ஒரு லாரி. அவரே உரிமையாளர், அவரே ஓட்டுநர். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பதிவாகும் புதிய லாரிகளில் மின்னணுக் கருவி டீசலை அளந்து செலுத்துகிறது; பழுது ஏற்பட்டால் பெரும்பாலும் அதுவே குறியீடு காட்டி எச்சரிக்கிறது. இவருடையது அதற்கு முந்தைய தலைமுறை வண்டி. ஆறு சிலிண்டர் இஞ்சின். டீசலைச் செலுத்துவது பல் சக்கரத்தால் சுழலும் பம்பு. அதன் நோயைக் காதாலும் கையாலும்தான் கண்டறிய வேண்டும்.

பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்துபோன அந்த இஞ்சினுக்கு முழு வேலை செய்ய நேர்ந்தது. லைனர், பிஸ்டன், ரிங் அனைத்தும் புதிது. கிராங்கைத் தேய்த்து, புதிய பேரிங் போட்டார்கள். ஹெட்டில் வால்வுகளைத் தேய்த்துச் சமன் செய்தார்கள். பம்பும் நாசில்களும் அதற்கென உள்ள வேறொரு பட்டறைக்குச் சென்று சரிபார்க்கப்பட்டு வந்தன. ஏறத்தாழ மூன்று வாரம் வண்டி நின்றது. செலவுக்கு வட்டிக்குக் கடன். இதற்கிடையே வண்டிக் கடனின் தவணையும் வந்துவிட்டது. ஒருவழியாக எல்லாம் பூட்டி முடித்து இஞ்சினை முடுக்கியபோது, அது உயிர் பெற்றது. ஆனால் சீராக ஓடவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி முழுவதும் உதறியது. புகைக்குழாயிலிருந்து வெண்மையும் கருமையும் கலந்த புகை. மேடு ஏறச் சொன்னால் மூச்சு வாங்கியது.

சண்டை மூண்டது. மட்டமான பிஸ்டனைப் போட்டுவிட்டதாக உரிமையாளர் குற்றஞ்சாட்டினார். ஹெட்டைக் கழற்றி உள்ளே காட்ட வேண்டும், அதுவரை பாக்கிப் பணம் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன் என்றார். மெக்கானிக்கோ, "புது இஞ்சின் இறுக்கமாத்தானுங்க இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்" என்று ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர்; எனினும் கோவில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் நமக்குப் பழக்கமானவர். இருவரும் சேர்ந்து, "சாமி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று ஆளனுப்பினார்கள். நாம் சென்றபோது பட்டறையில் மூன்று பேர் இருந்தனர். உரிமையாளர் ஒருபுறம், மெக்கானிக் ஒருபுறம். இருவருக்கும் நடுவில், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி ஒரு தொழில் பழகும் பையன்.

இஞ்சினைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆகவே ஒன்றை மட்டும் கேட்டோம்: எதையும் பெரிதாகக் கழற்றாமல் பார்க்கக்கூடியவை ஏதேனும் உண்டா? மெக்கானிக் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்குதுங்க சாமி" என்றார். "அப்படியானால் அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள், நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்" என்றோம். உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பழைய டயரின்மேல் அமர்ந்தார்.

அடுத்த மூன்று மணி நேரத்தில் நாம் கற்றுக்கொண்டவை பல. டீசல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்த அமுக்கத்தாலேயே காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்த நொடியில் நாசிலின் நுண்ணிய துளைகள் வழியே டீசல் பனிப்புகையாகப் பாய, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆறு சிலிண்டர்களும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் முறை வைத்து வெடிக்கின்றன. இஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்று மெதுவாக ஓடும்போதுகூட நொடிக்கு 30 வெடிப்புகள். ஒரு சிலிண்டர் தன் பங்கைச் செய்யாவிட்டால் நொடிக்கு 5 வெற்றிடங்கள். அந்த வெற்றிடங்களைத்தான் நாம் நடுக்கமாக உணர்கிறோம்.

முதலில் காற்று. வேலைக்காக டீசல் குழாய்களைத் திறக்கும்போது காற்று உள்ளே புகுந்துவிடும். டீசலைப் போலன்றிக் காற்று அமுங்கும் இயல்புடையது. ஆகவே பம்பு எவ்வளவு தள்ளினாலும் அந்த விசை நாசிலைச் சென்று சேராது. ஃபில்ட்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தபோது, நுரைநுரையாகக் குமிழிகள் வந்தன. குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்தார்கள். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, நீங்கவில்லை. அடுத்து, வால்வுகளுக்கு மேலுள்ள டேப்பெட் இடைவெளி. மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பங்கே உள்ள அந்த இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார்கள். ஒன்று மட்டும் சற்று இறுக்கமாக இருந்தது, சரிசெய்தார்கள். பம்பின் டைமிங் குறியைப் பார்த்தார்கள், பொருந்தியிருந்தது. பம்பிலிருந்து நாசில்களுக்குச் செல்லும் ஆறு குழாய்களும் முறை மாறாமல் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள், சரியாகவே இருந்தன.

பின்னர், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறியும் சோதனை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாசிலுக்கு டீசல் வரும் குழாயின் நட்டைத் துணி சுற்றிச் சிறிது தளர்த்த வேண்டும். வேலை செய்யும் சிலிண்டரானால், டீசல் நின்றதும் இஞ்சின் மேலும் தடுமாறும். முன்பே வேலை செய்யாததானால் எந்த மாற்றமும் இராது. பையன் ஆவலோடு கையை நீட்ட, மெக்கானிக் அதைத் தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும் என்று அவர் விளக்கினார். முதல் சிலிண்டர்: இஞ்சின் தடுமாறியது. இரண்டாவது: தடுமாறியது. மூன்றாவது: மாற்றமே இல்லை. மற்ற மூன்றும் தடுமாறின. நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது.

குற்றம் நாசிலிலா, சிலிண்டரிலா? மூன்றாம் நாசிலை நான்காவதிலும், நான்காம் நாசிலை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டார்கள். நாசில் பழுதானால் நோய் அதனோடு நான்காவதுக்கு இடம் மாற வேண்டும். மாறவில்லை; மூன்றாவதே மீண்டும் செயலற்று நின்றது. உரிமையாளர் எழுந்துவிட்டார். "இப்ப என்னங்கண்ணா சொல்றீங்க? பிஸ்டன்தானே?" மெக்கானிக்கின் முகம் இருண்டது. ஹெட்டைக் கழற்றுவதென்றால் இன்னும் பல நாள், புதிய கேஸ்கெட், செலவு யாருடையது என்ற வழக்கு, ஒருவேளை, இருவருக்கும் இடையிலுள்ள பல ஆண்டுப் பழக்கத்தின் முடிவு.

அப்போதுதான் அந்தப் பையன் வாய் திறந்தான். குரல் வெளியே வரவில்லை. "சொல்லு கண்ணு, யாரும் எதுவும் செய்யமாட்டார்கள்" என்று நாம் அருகில் அழைத்தோம். மெக்கானிக்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "பழைய வாஷர் தட்டுல அஞ்சுதானுங்க இருந்துச்சு. ஒன்னு எங்காச்சும் கீழ விழுந்திருக்கும்னு நெனச்சனுங்க."

ஒவ்வொரு நாசிலின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் உண்டு. சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்று வெளியே கசியாமல் அது தடுக்கிறது. நாசிலின் முனை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அதன் தடிமனே நிர்ணயிக்கிறது. புதிதாகப் போட்டவை ஆறு. வெளியே வந்த பழையவை ஐந்து. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் மூன்றாம் நாசிலை மறுபடியும் கழற்றி, விளக்கை அடித்துக் குழிக்குள் பார்த்தார். முனையை வளைத்த கம்பியை உள்ளே விட்டு நெம்பினார். கரி ஏறிக் கறுத்து, அடிப்பாகத்தோடு அடிப்பாகமாக ஒட்டிக் கிடந்த பழைய வாஷர் வெளியே வந்தது. அதன் மேலேயே புதிய வாஷர் அமர்ந்திருந்ததால், நாசில் உரிய ஆழத்துக்கு இறங்கவில்லை. கரி படிந்த மேட்டின்மேல் இறுக்கமும் பொருந்தவில்லை. அமுக்கம் கசிந்தது, டீசல் சிதறிய இடமும் தவறாயிற்று. குழியைத் துடைத்து, புதிய வாஷரை மட்டும் வைத்துப் பூட்டி, இஞ்சினை முடுக்கினார்கள். சில நொடி புகை வந்தது. பிறகு ஒரே சீரான ஓசை. டேங்கின்மேல் யாரோ வைத்திருந்த தேநீர்க் குவளை அசையாமல் நின்றது.

பையன் அறை விழும் என்று எதிர்பார்த்து நின்றான். மெக்கானிக் அவனைப் பார்த்து, "கழட்டுனது நீ. எண்ணிப் பார்த்திருக்க வேண்டியது நான்" என்று மட்டும் சொன்னார். நாம் கேட்ட சிறந்த பாவ அறிக்கைகளுள் ஒன்று அது. பாக்கிப் பணத்தைப் பற்றிய பேச்சு அன்று மாலையே சுமுகமாக முடிந்தது.

அன்பர்களே, அங்கே மாறுபட்டு நின்ற இரண்டு கருத்துகளையும் சற்று எண்ணிப் பாருங்கள். 'எல்லாம் வீண், மறுபடியும் பிரி' என்பது ஒன்று. 'ஒன்றுமில்லை, ஓட ஓடச் சரியாகும்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறாயின. வீண் என்று ஹெட்டைப் பிரித்திருந்தால், குறையற்ற பிஸ்டனைப் பார்ப்பதற்காகப் பல நாளும் பணமும் போயிருக்கும். ஓட ஓடச் சரியாகும் என்று விட்டிருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, புதிய லைனரையே தேய்த்திருக்கும். புதுப்பித்தல் உண்மையாகவே நிகழ்ந்திருந்தது. ஆனால், வெளியேற வேண்டிய பழையது ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

திருச்சபையின் போதனையும் இதுவே. திருமுழுக்கில் பிறப்புநிலைப் பாவம் உண்மையாகவே நீக்கப்படுகிறது. எனினும் தீமையை நாடும் நாட்டம் திருமுழுக்குப் பெற்றவரிடமும் எஞ்சியிருக்கிறது என்று 1546இல் திரெந்து பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. அந்த நாட்டம் தன்னளவில் பாவமன்று. போராடி வெல்வதற்காகவே விடப்பட்டுள்ளது என்றும் அது போதித்தது. பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும், பழக்கத்தால் ஆன்மாவில் படிந்துபோன சாய்வுகள் உடனே மறைவதில்லை என்பதைப் புனித தோமா அக்குவினாசும் விளக்குகிறார். அவற்றைப் 'பாவத்தின் எச்சங்கள்' என்று அவர் அழைக்கிறார். எச்சம் இருப்பதால் மன்னிப்பு பொய்யாகிவிடாது. மன்னிப்பு மெய் என்பதால் எச்சத்தைத் தேடாமல் இருந்துவிடவும் கூடாது.

உவமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் நாம் அறிவோம். மனிதர் இயந்திரம் அல்லர். வாஷருக்கு விருப்பு வெறுப்பு இல்லை. மனித உள்ளத்துக்கு உண்டு. ஆயினும் தேடும் முறையில் பட்டறை நமக்குப் பாடம் சொல்லவே செய்கிறது. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்வது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பழியைச் சுமத்துவதற்கு முன் சோதித்து அறிவது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையை அறிந்தவர் அச்சமின்றிப் பேச இடம் தருவது. அந்த மூன்று வாரமும் விடை அந்தப் பையனிடம் இருந்தது. கூச்சல் அடங்கிய பிறகே அது வெளியே வந்தது.

இந்த இஞ்சினுக்குத் தம் பெயரைத் தந்த ருடோல்ஃப் டீசலுக்கும் பொறுமை தேவைப்பட்டது. 1893இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் சோதித்த முதல் இஞ்சின் தன் சொந்த ஆற்றலால் ஓடவில்லை. பல முறை மாற்றியமைத்து, 1897இல்தான் முழுமையான சோதனையில் அது வெற்றி கண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தூக்கி எறிந்திருந்தால், இன்று நம் சாலைகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

குடிநோய் மருத்துவம் முடிந்து வீடு திரும்பும் சகோதரர்களை நினைத்துக்கொள்கிறோம். குடியை நிறுத்திய பின்னும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், உறக்கமின்மையும் எரிச்சலும் தொடர்வதுண்டு. வீட்டார் அதைக் கண்டு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரோ என்று வாயை முகர்ந்து பார்க்கிறார்கள். பிரிந்திருந்து மீண்டும் கூடிய தம்பதியர் முதல் வாக்குவாதத்திலேயே, எல்லாம் வேஷம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இவர்களுக்கும் நாம் 'எல்லாம் வீண்' அல்லது 'தானே சரியாகும்' என்ற இரண்டையே மாறி மாறிச் சொல்லிவருகிறோம். அன்று வண்டியை ஒப்படைக்கும்போது மெக்கானிக் சொன்ன அறிவுரை அவர்கள் வீட்டாருக்கும் பொருந்தும். முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு முழு லோடு ஏற்றாதீர்கள்; அடிக்கடி எண்ணெயும் தண்ணீரும் பாருங்கள்; கொஞ்சம் ஓடியதும் திரும்பக் கொண்டுவாருங்கள், ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். பழுதுபார்த்தவரிடம் திரும்பி வருவது தோல்வி அன்று. அது வேலையின் ஒரு பகுதி. ஒப்புரவு அருட்சாதனத்தை மீண்டும் மீண்டும் நாடிவர அழைக்கப்படுவதன் பொருளும் அதுதான்.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் குணமாக்குகிறார். முதல் தொடுதலுக்குப் பின், ஏதாவது தெரிகிறதா என்று அவரிடமே கேட்கிறார். மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிவதாக அவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். குணமாக்கியவர் ஆண்டவர் ஆயிற்றே, முழுமையாகத் தெரிகிறது என்று சொல்லிவிடுவோம் என அவர் மழுப்பவில்லை. ஆண்டவரும் சினம் கொள்ளவில்லை. மீண்டும் ஒருமுறை தொடுகிறார், எல்லாம் தெளிவாகிறது. இரண்டாம் தொடுதலுக்கு வழி திறந்தது, அஞ்சாமல் சொன்ன அந்த விடைதான்.

நம் இல்லங்களுக்கும் பங்குகளுக்கும் புதுவாழ்வு தேடித் திரும்பி வருபவர்களிடம், 'நீ மாறிவிட்டாயா?' என்றே நாம் கேட்டு வருகிறோம். 'இப்போது எப்படித் தெரிகிறது?' என்று கேட்டுப் பார்ப்போம். 'இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது' என்று அவர்கள் சொன்னால், முகம் சுளிக்காமல் அருகில் அமர்வோம். மீதியைத் தொட்டுக் குணமாக்க ஆண்டவர் அறிவார்.